கவுன்சில் வீட்டை வாங்கும் உரிமை என்றால் என்ன?

லண்டனிலோ லெஸ்டரிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில், "அவர்கள் குடியிருந்த கவுன்சில் வீட்டையே வாங்கிவிட்டார்கள்" என்ற செய்தி அடிக்கடி வரும். கேட்பவர்கள் அதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். அரசாங்கம் ஏழைகளுக்கு வீட்டை இனாமாக எழுதிக் கொடுக்கிறது என்று ஒருவர் நினைக்கிறார். எந்த வாடகைக்காரரும் சில ஆண்டுகள் குடியிருந்துவிட்டால் வீட்டுக்காரரிடம் வீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று இன்னொருவர் நினைக்கிறார். பிரித்தானியாவின் வீட்டுத் தட்டுப்பாடு முழுவதற்கும் இதுவே காரணம் என்று மூன்றாமவர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார். முதல் இரண்டும் தவறு. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் அந்தப் பாதி எது என்று சொல்பவர்கள் குறைவு.

இங்கிலாந்தில் மட்டும் 1980 முதல் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் கைமாறிய ஒரு ஏற்பாட்டைப் பற்றி நாம் இவ்வளவு மேம்போக்காகப் பேசுவது எனக்கு உறுத்தலாகவே இருந்துவருகிறது. ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்கி, அந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

கவுன்சில் வீடு என்பது எது?

நம் ஊர்களில் நகராட்சி குப்பை அள்ளுகிறது, குடிநீர் தருகிறது, சந்தைக் கடைகளை வாடகைக்கு விடுகிறது. அதே நகராட்சி ஆயிரக்கணக்கான வீடுகளைத் தானே கட்டி, தானே உரிமையாளராக இருந்து, சந்தை விலையைவிடக் குறைந்த வாடகைக்கு மக்களைக் குடியமர்த்துவதாக எண்ணிப் பாருங்கள். பிரித்தானியாவில் உள்ளாட்சி மன்றத்தைக் கவுன்சில் என்பார்கள். அது கட்டி வாடகைக்கு விடும் வீடுதான் கவுன்சில் வீடு.

இந்த வழக்கம் பழையது. கிழக்கு லண்டனில் ஒரு நெரிசலான குடிசைப் பகுதியை இடித்துவிட்டு லண்டன் உள்ளாட்சி எழுப்பிய பவுண்டரி எஸ்டேட் 1900இல் திறக்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு வந்த 1919ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், அதைக் கொண்டுவந்த அமைச்சரின் பெயரால் அடிசன் சட்டம் எனப்படுவது, மத்திய அரசின் மானியத்தோடு கவுன்சில்கள் பெருமளவில் வீடு கட்ட வழிவகுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிற்கட்சி அரசும் கன்சர்வேட்டிவ் அரசும் போட்டி போட்டுக்கொண்டு கட்டின. 1970களின் இறுதியில் இங்கிலாந்தின் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஸ்காட்லாந்தில் பாதிக்கும் மேலும் கவுன்சில் வீடுகளில் குடியிருந்தன. செவிலியர்களும் பேருந்து ஓட்டுநர்களும் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களும் அங்கே இருந்தார்கள். பரம ஏழைகளுக்கான கடைசிப் புகலிடமாக மட்டும் அன்றைய கவுன்சில் வீட்டைக் கற்பனை செய்துகொண்டால், பிறகு நடந்தது எதுவும் விளங்காது.

இதே வேலையை லாப நோக்கமில்லாமல் செய்யும் தனி அமைப்புகளும் உண்டு. அவற்றுக்கு ஹவுசிங் அசோசியேஷன் என்று பெயர். கவுன்சில் வீடுகளையும் இவற்றின் வீடுகளையும் சேர்த்துச் சமூக வீடுகள் என்கிறார்கள். தனியார் வீட்டுக்காரரிடம் வாடகைக்கு இருப்பவர் இந்தக் கணக்கில் சேரமாட்டார். அவருக்கு வாங்கும் உரிமை என்று எதுவும் இல்லை.

தமிழ்நாட்டு வாசகர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நம் வீட்டுவசதி வாரியம் ஒருவருக்கு வீடு ஒதுக்கி, பல ஆண்டுகள் தவணை வாங்கி, கடைசியில் விற்பனைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்போது, அந்த வீடு முதல் நாளிலிருந்தே விற்பனைக்கு என்றுதான் கட்டப்பட்டது. சிங்கப்பூரில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டும் வீடுகளும், 1964இல் அங்கே வந்த வீட்டுரிமைத் திட்டத்துக்குப் பிறகு, பெரும்பாலும் விற்பதற்காகவே கட்டப்பட்டன. பிரித்தானியாவின் கவுன்சில் வீடு அப்படிப்பட்டதல்ல. ஒரு குடும்பம் போனதும் அடுத்த குடும்பம் வரும் என்ற எண்ணத்தில், என்றைக்கும் வாடகைக்கு விடுவதற்காகக் கட்டப்பட்ட வீடு அது. அதை விற்பதால் வரும் விளைவுகள் வேறுபடுவது இதனால்தான்.

சலுகை வேறு, உரிமை வேறு

கவுன்சில் வீடுகளின் விற்பனை 1980இல்தான் தொடங்கியது என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அதற்கு முன்பும் அமைச்சரின் அனுமதியோடு கவுன்சில்கள் விற்கலாம். சில கவுன்சில்கள் விற்கவும் செய்தன. ஆனால் விற்பதா வேண்டாமா என்பதைக் கவுன்சில்தான் முடிவு செய்தது. 1980 ஆகஸ்டில் பிரதமர் மார்கரெட் தாட்சர் லண்டனின் கிழக்கு விளிம்பில் உள்ள ஹெரால்ட் ஹில் பகுதிக்குப் போய் ஒரு குடும்பத்திடம் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தார். அந்தக் காட்சியைப் புதிய சட்டத்தின் அடையாளமாகவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். உண்மையில் புதிய சட்டம் அப்போது நடைமுறைக்கு வரவில்லை. பழைய முறையில், கவுன்சிலின் விருப்பத்தின்பேரில் நடந்த விற்பனை அது.

1980ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 3 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறைக்கு வந்தது. அப்போது பொறுப்பில் இருந்த அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன். ஸ்காட்லாந்துக்கு அதே ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. இந்தச் சட்டம் முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கவுன்சிலிடமிருந்து எடுத்து வாடகைக்காரரிடம் கொடுத்தது. தகுதியுள்ள வாடகைக்காரர் எழுத்தில் கேட்டால், கவுன்சில் விற்றே ஆக வேண்டும். இதுதான் வாங்கும் உரிமை. ஆங்கிலப் பெயரிலேயே "ரைட் டு பை" என்று நம்மவர்களும் சொல்வது.

ரேஷன் கடைக்காரர் மனம் வைத்தால் சர்க்கரை கிடைக்கும் என்பதற்கும், அட்டைதாரருக்குச் சர்க்கரை கொடுத்தே தீர வேண்டும் என்று விதி இருப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. அந்த விதி வெறும் எழுத்தாக நிற்கவில்லை. நாரிச் நகரக் கவுன்சில் விற்பனையை மிக மெதுவாக நடத்தியபோது, மத்திய அரசு அந்த வேலையைத் தானே எடுத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. கவுன்சில் வழக்குத் தொடுத்தது. 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது.

இதே சட்டத்தின் இன்னொரு பகுதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் அதுவும் முக்கியமானது. சட்டத்தில் சொன்ன ஒரு காரணத்தை நீதிமன்றத்தில் காட்டாமல் கவுன்சில் ஒருவரை வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பை முதன்முறையாக அதுதான் கவுன்சில் வாடகைக்காரர்களுக்குச் சட்டப்படி கொடுத்தது. இந்தப் பாதுகாப்பு உடைய வாடகையை நிலைத்த வாடகை என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் உரிமை நிலைத்த வாடகைக்காரர்களுக்கே உரியது. முதியோருக்கென்றோ உடல் ஊனமுற்றோருக்கென்றோ தனியாக அமைக்கப்பட்ட வீடுகளுக்கும், இடிக்கப்படவிருக்கும் வீடுகளுக்கும் விலக்கு உண்டு.

இதுவரை பார்த்ததை ஒருமுறை திரும்பப் பார்ப்போம். கவுன்சில் வீடு என்பது என்றைக்கும் வாடகைக்கு விடுவதற்காக உள்ளாட்சி கட்டிய வீடு. 1980க்கு முன் அதை விற்பது கவுன்சிலின் விருப்பம். அதற்குப் பின் வாங்குவது வாடகைக்காரரின் உரிமை.

தள்ளுபடி கணக்கிடப்படும் முறை

இனாம் என்ற தவறான எண்ணம் தள்ளுபடியிலிருந்துதான் வருகிறது. வாடகைக்காரர் வீட்டைச் சந்தை விலைக்கு வாங்குவதில்லை. மதிப்பீட்டாளர் ஒருவர் வீட்டின் சந்தை மதிப்பைக் கணிப்பார். அதிலிருந்து ஒரு பகுதி கழிக்கப்படும். மீதியை வாடகைக்காரர் தம் சேமிப்பிலிருந்தோ மோர்ட்கேஜ் எனப்படும் வீட்டுக் கடன் வாங்கியோ செலுத்த வேண்டும். குடியிருந்த காலம் கூடக் கூடத் தள்ளுபடியும் கூடும். இத்தனை ஆண்டுகள் வாடகை கட்டியவருக்கு அந்த வீட்டில் ஒரு பாத்தியதை உண்டு என்ற நியாயம் இதன் அடியில் இருக்கிறது.

1980இன் கணக்கு எளிமையானது. மூன்று ஆண்டுகள் குடியிருந்தால் 33 சதவீதம். அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 1 சதவீதம். 20 ஆண்டுகளில் 50 சதவீதம், அதற்கு மேல் கிடையாது. 1984இல் தகுதிக் காலம் இரண்டு ஆண்டாகக் குறைந்து, உச்ச வரம்பு 60 சதவீதமானது. அடுக்குமாடி வீடுகள் விலைபோகாததால் 1986இல் அவற்றுக்கு மட்டும் 70 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்டது.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் கூடவே பண உச்சவரம்பு ஒன்றும் உண்டு: சதவீதம் எவ்வளவு வந்தாலும் தள்ளுபடி இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு. அரசுகள் மாறும்போதெல்லாம் அதிகம் மாறியது இந்த வரம்புதான். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். சந்தையில் 2,00,000 பவுண்டு பெறும் வீட்டில் ஒருவர் 12 ஆண்டுகள் இருக்கிறார். இங்கிலாந்தின் இப்போதைய விதிப்படி தனி வீட்டுக்குத் தொடக்கத் தள்ளுபடி 35 சதவீதம்; ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 1 சதவீதம் கூடும். அவருக்கு 42 சதவீதம் வருகிறது, அதாவது 84,000 பவுண்டு. 2012இல் வரம்பு 75,000ஆக உயர்த்தப்பட்டிருந்தது. அப்போது அவர் 1,25,000 பவுண்டுக்கு வாங்கியிருக்கலாம். 2024 நவம்பர் 21 முதல் வரம்பு பகுதிக்கு ஏற்ப 16,000 முதல் 38,000 வரை எனக் குறைக்கப்பட்டுவிட்டது. ஆக உயர்ந்த வரம்புள்ள பகுதியில் இருந்தாலும் இப்போது அவர் 1,62,000 பவுண்டு கொடுக்க வேண்டும். சட்டத்தில் சதவீதம் அப்படியே இருக்கிறது. கைக்கு வருவது பாதிதான்.

தள்ளுபடிக்கு இன்னும் இரண்டு கட்டுகள் உள்ளன. அண்மை ஆண்டுகளில் அந்த வீட்டைக் கட்டவோ செப்பனிடவோ கவுன்சில் செலவழித்த தொகைக்குக் கீழே விலை இறங்கும்படி தள்ளுபடி தரப்படாது. மேலும், வாங்கிய ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால் தள்ளுபடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்: முதல் ஆண்டில் முழுவதும், இரண்டாம் ஆண்டில் ஐந்தில் நான்கு பங்கு என்று அது குறைந்துகொண்டே வரும். பத்து ஆண்டுகளுக்குள் விற்பதானால், முதலில் பழைய கவுன்சிலுக்குச் சொல்லி, அது வாங்கிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். இவையெல்லாம் வாங்கியதும் விற்று லாபம் பார்ப்பதைத் தடுக்க வந்த விதிகள். பத்து ஆண்டுகள் பொறுத்திருப்பவரை அவை எதுவும் செய்யாது.

வீடு வாங்குவதும் ஃபிளாட் வாங்குவதும்

நம் மக்கள் அதிகம் சிக்கலுக்கு உள்ளாவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

தனி வீடாக இருந்தால், வாங்குபவருக்கு நிலமும் கட்டடமும் சேர்ந்தே சொந்தமாகும். இதை ஃப்ரீஹோல்ட் என்பார்கள். அடுக்குமாடியில் உள்ள ஃபிளாட்டானால் லீஸ்ஹோல்ட்: ஒரு நீண்ட காலத்துக்கு, வாங்கும் உரிமையில் வழக்கமாக 125 ஆண்டுகளுக்கு, அந்த ஃபிளாட்டில் இருக்கும் உரிமையைத்தான் ஒருவர் வாங்குகிறார். நிலமும் கூரையும் வெளிச்சுவரும் மின்தூக்கியும் கவுன்சிலுடையவையாகவே இருக்கும்.

சென்னையில் ஃபிளாட் வாங்குபவரின் பத்திரத்தில், மனையில் பிரிபடாத பங்கு இத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கிலாந்து ஃபிளாட்டையும் அப்படியே நினைத்துவிடுகிறோம். அதைவிடக் கோயில் அடிமனையில் வீடு வைத்திருப்பவரை நினைத்துக்கொண்டால் உண்மைக்கு அருகில் வரலாம். வீடு அவருடையது, மனை கோயிலுடையது, மனைக்கு ஒரு வாடகை உண்டு. வாங்கும் உரிமையில் அந்த மனை வாடகை நீண்ட காலம் ஆண்டுக்கு 10 பவுண்டுக்கு மேல் போகாததாகவே இருந்தது. அது யாருக்கும் பாரமல்ல.

பாரமாவது சர்வீஸ் சார்ஜ். பொது இடங்களைப் பராமரிக்கவும் பழுதுபார்க்கவும் கவுன்சில் செலவழிப்பதில் ஒவ்வொரு ஃபிளாட்காரரும் செலுத்தும் பங்கு அது. கூரையை மாற்றினாலும் ஜன்னல்களை எல்லாம் புதிதாகப் பொருத்தினாலும் அந்தச் செலவும் பங்கிடப்படும். பக்கத்து ஃபிளாட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு அதற்காகத் தனிப் பில் வராது. வாங்கியவருக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு பில் வரும். வாடகையைவிட மோர்ட்கேஜ் தவணை குறைவு என்று மட்டும் கணக்குப் பார்த்து வாங்கிய பல குடும்பங்கள் இதில்தான் திணறிப்போனார்கள். வாங்குவதற்கு முன் கவுன்சில் தரும் விற்பனை அறிவிப்பில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கான பழுதுச் செலவு மதிப்பீடு இருக்க வேண்டும் என்பது விதி. வாங்க நினைப்பவர், விலை எழுதிய பக்கத்தைவிட அந்தப் பக்கத்தை நிதானமாகப் படிப்பது நல்லது.

சுருக்கிச் சொன்னால்: இது இனாமல்ல, தள்ளுபடி விலையிலான விற்பனை. தள்ளுபடியைச் சதவீதம், பண வரம்பு இரண்டும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. வீடு வாங்கினால் நிலமும் வரும். ஃபிளாட் வாங்கினால் நீண்ட காலக் குடியிருப்பு உரிமையும் அதனோடு செலவுப் பங்கும் வரும்.

வீடு அங்கேயே இருக்கிறது, குறைந்தது எது?

இந்த விவாதத்தின் மையக் கேள்வி இதுதான். ஆதரிப்பவர் சொல்வார்: "விற்றதால் ஒரு வீடும் மறைந்துவிடவில்லை. நேற்று வாடகைக்கு இருந்த அதே குடும்பம் இன்று சொந்தக்காரராக அதே வீட்டில் இருக்கிறது. காத்திருப்பவருக்கு இதனால் என்ன நட்டம்?" எதிர்ப்பவர் சொல்வார்: "20 லட்சம் வீடுகள் போய்விட்டன." இருவர் சொல்வதும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக முடியும்?

ஊர் நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்துப் போன ஒரு புத்தகத்தை நூலகர் உங்களுக்கே பாதி விலைக்கு விற்றுவிடுகிறார். அன்றைக்கு நூலக அலமாரியில் எந்த மாற்றமும் இல்லை. அந்தப் புத்தகம் எப்படியும் உங்கள் வீட்டில்தான் இருந்தது. அடுத்த வாசகருக்கு எப்போது நட்டம் தெரியும்? நீங்கள் படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய நாளில்.

கவுன்சில் வீட்டிலும் இதுவே நடக்கிறது. வாடகைக்காரர் இறந்துபோனாலோ, வேறு ஊருக்குப் போனாலோ, வீடு காலியாகிக் கவுன்சிலிடம் திரும்பி வரும்; கவுன்சில் அதைக் காத்திருப்போர் பட்டியலில் உள்ள அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்கும். இதை மறுகுடியமர்த்தல் என்போம். வாடகை உரிமை தலைமுறை தலைமுறையாகத் தொடராது. பொதுவாக ஒரே ஒரு முறைதான் கணவர் அல்லது மனைவிக்கோ உடனிருந்த உறவினருக்கோ மாறும். ஆகவே ஒவ்வொரு வீடும் என்றாவது ஒரு நாள் திரும்பி வரும். விற்கப்பட்ட வீடு திரும்பி வராது. அது பிள்ளைகளுக்குப் போகும், அல்லது சந்தைக்குப் போகும்.

கற்பனையாக ஒரு சிறிய கணக்கு. ஒரு கவுன்சிலிடம் 1,000 வீடுகள் உள்ளன. ஆண்டுக்கு 50 காலியாகின்றன. அந்த 1,000 வீடுகளில் 300 வீடுகளை, நீண்ட காலம் அங்கேயே வாழப்போகும் நடுவயதுக் குடும்பங்கள் வாங்குகின்றன. அடுத்த ஆண்டும் ஏறக்குறைய 50 வீடுகள் காலியாகும், ஏனென்றால் வாங்கியவர்கள் எப்படியும் உடனே கிளம்புபவர்கள் அல்ல. பத்து ஆண்டுகள் கழித்துச் சற்றுக் குறையும். முப்பது ஆண்டுகள் கழித்து, அந்த 300 வீடுகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்திருக்க வேண்டிய காலத்தில், ஆண்டுக்கு 35 வீடுகள்தான் காலியாகும். விற்பனை நடந்த காலத்தில் கவுன்சிலில் பொறுப்பில் இருந்தவர்கள் இந்தக் குறைவைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

1980களில் இந்தத் திட்டத்தின் வெற்றிதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. 1982-83இல் இங்கிலாந்தில் ஒரே ஆண்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் விற்பனையாயின. தலைமுறைகளாகச் சொத்தே இல்லாத தொழிலாளர் குடும்பங்களுக்கு முதன்முதலாக ஒரு சொத்து கிடைத்தது. அந்த மகிழ்ச்சியைச் சிறுமைப்படுத்துவது நியாயமாகாது. வாசற்கதவுக்குத் தாம் விரும்பிய வண்ணம் பூசவும் ஒரு காலத்தில் கவுன்சிலின் அனுமதி வேண்டியிருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தக் கதவு தம்முடையதானபோது ஏற்பட்ட பெருமிதம் புரியும். சொந்த வீட்டில் வாழும் குடும்பங்களின் விகிதம் இங்கிலாந்தில் ஏறிக்கொண்டே போய் 2003 அளவில் 70 சதவீதத்தைத் தாண்டியது. நட்டம் பின்னால், வேறு ஒருவர் தலையில், அவருக்கே காரணம் தெரியாமல் விழுந்தது.

எந்த வீடுகள் விற்றன என்பதும் முக்கியம். தோட்டத்தோடு கூடிய நல்ல தனி வீடுகள் முதலில் விற்றுப்போயின; வாங்கியவர்கள் நிலையான சம்பளம் உள்ளவர்கள். உயரமான அடுக்குமாடிகளும், வாங்க வசதியில்லாத குடும்பங்களும் கவுன்சிலிடம் எஞ்சின. கவுன்சில் வீடு என்றாலே வறுமையின் அடையாளம் என்ற இன்றைய எண்ணம் உருவானதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

விற்ற பணம் எங்கே போனது?

நூலகர் விற்ற புத்தகத்துக்குப் பதிலாக இன்னொன்றை வாங்கி வைத்திருந்தால் அடுத்த வாசகருக்கு நட்டமே இல்லை. கவுன்சில்களும் விற்ற பணத்தில் புதிய வீடு கட்டியிருந்தால் மேலே சொன்ன கணக்கு மாறியிருக்கும். ஏன் கட்டவில்லை?

இரண்டு தடைகள். முதலாவது, பாதி விலைக்கு விற்றால் பாதி வீட்டுக்கான பணம்தான் வரும். இரண்டாவது, வந்த பணத்தையும் அவர்கள் விருப்பம்போல் செலவிட முடியவில்லை. பொதுச் செலவைக் கட்டுப்படுத்த எண்ணிய மத்திய அரசு, விற்பனைத் தொகையில் எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு 1980களில் வரம்பு விதித்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டு விற்பனைத் தொகையில் 75 சதவீதத்தைக் கடன் அடைப்பதற்காக ஒதுக்கிவைக்கச் சொன்னது. கட்டுமான மானியங்களும் சுருங்கின. 1970களில் ஆண்டுக்கு லட்சம் வீடுகள் கட்டிய இங்கிலாந்தின் கவுன்சில்கள், 1990களின் இறுதியில் எல்லாம் சேர்ந்து சில நூறு வீடுகள்கூடக் கட்டத் திணறின.

இன்னொரு மறைவான இழப்பும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் மலிவாகக் கட்டிய வீட்டின் கடன் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அதன் வாடகையில் மிஞ்சுவதைக் கொண்டு கவுன்சில்கள் புதிய வீடுகளின் கூடுதல் செலவைத் தாங்கிவந்தன. பல ஆண்டுகள் காய்த்துச் செலவே வைக்காத தென்னைகளை விற்றுவிட்டுக் கன்றுகளை மட்டும் வைத்துக்கொண்டால் தோப்பை எப்படி நடத்துவது?

2012இல் தள்ளுபடியை உயர்த்தியபோது, கூடுதலாக விற்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஈடாக ஒரு வீடு கட்டப்படும் என்று அரசு வாக்களித்தது. ஆனால் மாற்று வீட்டின் செலவில் 30 சதவீதம் வரை மட்டுமே விற்பனைத் தொகையிலிருந்து எடுக்கலாம், மூன்று ஆண்டுகளுக்குள் செலவிடாவிட்டால் வட்டியோடு மத்திய அரசுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் கூடவே வந்தன. வாக்கு நிறைவேறவில்லை. என் கணிப்பில், வாங்கும் உரிமையின் உண்மையான குறை விற்றதில் இல்லை. விற்றுவிட்டு ஈடு செய்ய விடாமல் கட்டிப்போட்டதில்தான் இருக்கிறது. இரண்டும் தனித்தனி முடிவுகள். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் விவாதம் குழம்புகிறது.

அதே நேர்மையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1980இல் இங்கிலாந்தின் கவுன்சில்களிடம் ஏறத்தாழ 50 லட்சம் வீடுகள் இருந்தன. இப்போது 16 லட்சம் அளவில் உள்ளன. இந்தக் குறைவு முழுவதும் விற்பனையால் வந்ததல்ல. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் 1988க்குப் பிறகு ஹவுசிங் அசோசியேஷன்களுக்கு மாற்றப்பட்டன. அவை இன்றும் சமூக வீடுகளே. வாடகைக்காரர்களும் குறைந்த வாடகையிலேயே இருக்கிறார்கள். விற்ற வீடுகளையும் மாற்றிய வீடுகளையும் கூட்டி எல்லாப் பழியையும் ஒரே திட்டத்தின் மேல் போடுவது கணக்குப் பிழை.

மீண்டும் ஒரு நிமிடம் நின்று பார்ப்போம். விற்பனையால் வீடு மறையவில்லை; எதிர்காலத்தில் அந்த வீடு காலியாகி அடுத்தவருக்குப் போகும் வாய்ப்புதான் மறைந்தது. அந்த வாய்ப்பை ஈடுசெய்யும் பணம் போதுமான அளவு கவுன்சில்களின் கையில் விடப்படவில்லை.

இன்று அந்த வீடுகளில் யார்?

முதலில் வாங்கிய குடும்பம் என்றைக்கும் அங்கேயே இருப்பதில்லை. வீடு இரண்டாம் கைக்கும் மூன்றாம் கைக்கும் போகிறது. லண்டனில் இப்படி விற்கப்பட்ட வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்போது தனியார் வாடகை வீடுகளாகிவிட்டன. ஒரே மாடியில், ஒரே அளவுள்ள இரண்டு ஃபிளாட்டுகள்: ஒன்றில் கவுன்சில் வாடகை, அடுத்ததில் அதைப் போல இரண்டு மடங்கோ அதற்கும் மேலோ தனியார் வாடகை. இரண்டாவதில் இருப்பவரின் வருமானம் போதாவிட்டால் வாடகையின் ஒரு பகுதியை அரசின் உதவித்தொகை கொடுக்கிறது. வீடற்ற குடும்பங்களைத் தற்காலிகமாகத் தங்கவைக்க, தான் விற்ற ஃபிளாட்டையே கவுன்சில் சந்தை வாடகைக்கு எடுக்க வேண்டிய நிலையும் வந்திருக்கிறது. விற்றவற்றைத் திரும்ப வாங்கக் கவுன்சில்களுக்கு உதவும் திட்டம் ஒன்றை லண்டன் மேயர் 2021இல் தொடங்கினார். வாங்குவது இன்றைய சந்தை விலையில்.

நாட்டுக்கு நாடு வேறுபட்ட முடிவு

பிரித்தானியா முழுவதற்கும் இப்போது ஒரே விதி இல்லை. ஏறத்தாழ ஐந்து லட்சம் வீடுகள் விற்றுப்போன பிறகு, ஸ்காட்லாந்து 2016 ஆகஸ்ட் 1ஆம் தேதியோடு இந்த உரிமையை முடித்துவிட்டது. வேல்ஸ் 2019 ஜனவரி 26இல் முடித்தது. அங்கிருக்கும் உறவினரின் அனுபவத்தை இங்கிலாந்தில் இருப்பவரும், இங்கிலாந்துக்காரரின் அனுபவத்தை அங்கிருப்பவரும் வழிகாட்டியாகக் கொள்ள முடியாது. ஹவுசிங் அசோசியேஷன் வாடகைக்காரர்களுக்குப் பொதுவாக முழு உரிமை இல்லை; ஆனால் கவுன்சில் வீட்டில் இருந்தபடியே அசோசியேஷனுக்கு மாற்றப்பட்டவர்களின் பழைய உரிமை அவர்களோடு தொடர்கிறது.

இங்கிலாந்து உரிமையை ஒழிக்காமல் சுருக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது. 2024இல் தள்ளுபடி வரம்பு குறைந்ததோடு, விற்பனைத் தொகை முழுவதையும் கவுன்சில்களே வைத்துக்கொள்ளவும் அனுமதி வந்தது. 2025 ஜூலையில் அரசு மேலும் சில மாற்றங்களை அறிவித்தது: தகுதிக் காலம் அப்போதிருந்த மூன்று ஆண்டுகளிலிருந்து பத்து ஆண்டுகளாகும், தள்ளுபடி 5 சதவீதத்தில் தொடங்கி 15 சதவீதத்தைத் தாண்டாது, புதிதாகக் கட்டப்படும் சமூக வீடுகளுக்கு 35 ஆண்டுகள் விலக்கு.

இவற்றில் செய்தித்தாள்கள் தள்ளுபடியைத்தான் பெரிதாக எழுதின. எனக்கோ கடைசி விதியே முக்கியமாகப் படுகிறது. இதுவரை ஒரு கவுன்சில் கடன் வாங்கிப் புதிய வீடு கட்டினால், குடிவந்தவர் சில ஆண்டுகளில் அதை வாங்கும் உரிமையைப் பெற்றுவிடுவார். கடனை அடைக்க நம்பியிருந்த வாடகை நடுவில் நின்றுபோகும். அந்த அச்சத்தால் கட்டாமலேயே விட்ட கவுன்சில்கள் உண்டு. 35 ஆண்டு விலக்கு நடைமுறைக்கு வந்தால், இன்று அடித்தளம் போடும் வீட்டில் முதல் குடும்பம் குடியேறி, அது வெளியேறி, அடுத்த குடும்பமும் வந்து சேரும் வரை அந்த வீட்டின் வாடகையை நம்பிக் கவுன்சில் கணக்குப் போடலாம்.